பதினைந்து வயதில் வாசிக்க வரவில்லை: பள்ளியா, டுடோரியலா, துறைமுகமா?

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் இருக்கிறோம். அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. அம்மா கூடையில் மீன் எடுத்துப்போய் வீடு வீடாக விற்கிறார். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். தம்பிக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கே போகவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றப் போகிறான். முந்நூறு, நானூறு கொண்டு வருகிறான். பள்ளியில் போய்க் கேட்டால், “இவனுக்குத் தமிழே வாசிக்க வரலை, பத்தாவது எப்படி எழுதுவான்? டிசி வாங்கிக்கிட்டு வேற வழி பாருங்க” என்றார்கள். எங்கள் தெருவில் ஒருவர், டுடோரியலில் பணம் கட்டினால் ஒரே வருஷத்தில் பத்தாவது பாஸ் ஆக்கித் தருவார்கள் என்கிறார். அம்மாவோ, “வராத படிப்பை ஏன் திணிக்கிற, விடு” என்கிறார். நான் அடித்தும் பார்த்துவிட்டேன். இப்போது என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசி வாங்காதீர்கள். டுடோரியலுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இனி அவன்மேல் கை வைக்காதீர்கள். மூன்றுக்கும் காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், போகிற போக்கில் வந்த ஒரு வரியில் இருக்கிறது. தமிழே வாசிக்க வரவில்லை என்பதுதான் அது. நீங்கள் கேட்டது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு வழி. தம்பிக்கு இன்றைக்கு வேண்டியது வாசிப்பு. வாசிப்பு வந்துவிட்டால் சான்றிதழுக்குப் பல வழிகள் இருக்கின்றன, எதற்கும் அவனுக்கு வயது தாண்டிப் போகவில்லை. வாசிப்பு வராமல் எந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்தாலும் அதைப் படித்துப் பார்க்கக்கூட அவனுக்கு இன்னொருவர் வேண்டும்.

வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்பு வரை எப்படி வந்தான் என்று நீங்களும் அம்மாவும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வருடத்தை எண்ணிப் பாருங்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு என்றால், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை சரளமாக வாசிக்கப் பழகும் வயது அது. சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பரில். அதற்குள் அவன் பெயர் ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டுக்குப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் வாசிக்கக் கற்றுக்கொடுக்க மாட்டார், வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். அடுத்த வருடமே உங்கள் அப்பா போய்விட்டார். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. நிறுத்தி வைக்காததைக் குறை சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். ஃபெயிலாக்கியிருந்தால் இவன் மூன்று வருடம் முன்பே துறைமுகத்துக்குப் போயிருப்பான். வகுப்பை ஏற்றிவிட்டவர்கள் வாசிப்பையும் கூடவே ஏற்றிவிடவில்லை என்பதுதான் குறை.

இவன் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023-ல் பல மாநிலங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் அசர் என்ற கல்வி ஆய்வு நடந்தது. அவர்களில் நான்கில் ஒருவரால் தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. வகுத்தல் கணக்குப் போட முடியாதவர்கள் பாதிக்கும் மேல். நான் மாலை மையங்களில் பார்க்கும் பிள்ளைகளும் இப்படித்தான் வருகிறார்கள். துறுதுறுப்பானவர்கள், பேச்சில் கெட்டிக்காரர்கள், வேலையில் சுத்தமானவர்கள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

உங்கள் தம்பி போனில் யாருக்காவது எழுதி அனுப்புகிறானா, குரல் பதிவாகவே அனுப்புகிறானா என்று கவனியுங்கள். பஸ் போர்டைப் படிக்காமல் கண்டக்டரிடம் கேட்டு ஏறுகிறானா? கடையில் சீட்டைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டுகிறானா? வருடக்கணக்காக இதை மறைத்து மறைத்தே வாழ்ந்திருப்பான். வகுப்பில் ‘எழுந்து படி’ என்ற குரல் வரும்போதெல்லாம் நாற்பது பேர் முன்னால் நின்றிருப்பான். துறைமுகத்தில் அவனை யாரும் படிக்கச் சொல்வதில்லை. ஐஸ் பாரைத் தூக்கினால் போதும், ஆம்பிளை என்று மதிக்கிறார்கள், கையில் காசும் வருகிறது. அவன் அங்கே போனது சோம்பலால் என்று எனக்குத் தோன்றவில்லை. அவமானத்திலிருந்து தப்பித்துப் போயிருக்கிறான். அதனால்தான் அடித்து அனுப்பினால் போகமாட்டான் என்கிறேன். போனாலும் பள்ளி வாசலோடு திரும்பிவிடுவான்.

அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. நான்கு சின்னத் தாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பத்து எழுத்துகள், கலைத்துப் போட்டு. இன்னொன்றில் படம், கடை, மழை என்ற மாதிரி பத்துச் சின்னச் சொற்கள். மூன்றாவதில் எளிய நான்கு வரிகள். நான்காவதில் எட்டுப் பத்து வரியில் ஒரு கதை. வரியிலிருந்து ஆரம்பியுங்கள். வந்தால் கதைக்கு ஏறுங்கள், வராவிட்டால் சொல்லுக்கு இறங்குங்கள். எந்தப் படியில் தடுக்காமல் போகிறானோ அதுதான் அவன் வகுப்பு. ஒன்பது என்ற எண்ணைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள்.

இதில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். இந்த வயதில் வாசிப்பு வராத பிள்ளைகளில் பலருக்கு க, ச, த என்ற எழுத்துகள் தெரியும். துணைக்கால் வரைக்கும்கூட வந்துவிடுவார்கள். கொம்பு வந்ததும் விழுவார்கள். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் இரண்டு குறிகள். கண் இடமிருந்து வலமாகப் போக, நாக்கு வேறு வரிசையில் சொல்ல வேண்டும். பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மூன்றாம் வகுப்பிலேயே பழக்கம் அறுந்துபோன பிள்ளைக்கு இதுதான் சுவர். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, கு எது கூ எது என்ற இடங்களும் அப்படியே. க, ச, த தெரிந்து கொம்பு போன்ற குறி சேர்ந்த எழுத்துகளில் மட்டும் தடுமாறுகிறான் என்றால் மனம் தளரவே வேண்டாம், பாதிக்கு மேல் வந்துவிட்டான். தினம் முக்கால் மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் சில மாதங்களில் வரிகளை வாசிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிப்பது, நேற்றுப் படித்த சொல்லை இன்று சுத்தமாக மறப்பது, பேசும்போது அவ்வளவு தெளிவாக இருப்பவன் எழுதும்போது முற்றிலும் குழம்புவது என்று வாரக்கணக்காகத் தொடர்ந்தால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் பார்க்கலாம். கரும்பலகை தெரியாமலே படித்து வந்த பிள்ளைகள் உண்டு. பிறகு வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைப் பாருங்கள், மதிப்பீட்டுக்கு எங்கே போகவேண்டும் என்று அவர் வழிகாட்டுவார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகள் உண்டு.

யார் சொல்லிக்கொடுப்பது? நீங்கள் வேண்டாம். வருத்தப்படாதீர்கள். அடித்த கையிடம் அந்தப் பிள்ளையால் தப்புத்தப்பாக வாசித்துக் காட்ட முடியாது. அவனைவிட ஐந்தாறு வயது மூத்த, அவன் மதிக்கிற ஓர் அண்ணன் வேண்டும். தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் உங்கள் பகுதியிலிருந்து போகிறவர்கள் இருப்பார்கள். கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பார்த்துக் கேட்கலாம். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வந்தது, இவன் அதில் வரமாட்டான். ஆனால் அதில் தன்னார்வலராக இருந்த அக்காக்களுக்கு வாசிப்பைத் தொடக்கத்திலிருந்து கொண்டுவரத் தெரியும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் தனியாகப் போய்ப் பேசுங்கள். இடம் உங்கள் வீட்டுத் திண்ணையாக இருக்கக் கூடாது. தெருப் பையன்கள் பார்க்க மாட்டார்கள் என்ற உறுதி அவனுக்கு வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மூலை போதும்.

எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் பள்ளிக்கு வெளியே நடக்கும் கல்வியின் பலமே இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மீசை அரும்பும் பிள்ளையிடம் அணிலும் ஆடும் போட்ட புத்தகத்தை நீட்டினால் அன்றோடு முடிந்தது. அவன் உலகத்தில் இருப்பதையே பாடமாக்கச் சொல்லுங்கள். ஏலத்தில் நிற்கும் மீன்களை எடுத்துக்கொள்ளுங்களேன். மத்தி, சங்கரா, வஞ்சிரம் என்பவை எளிய தொடக்கம். நெத்திலியிலும் கெளுத்தியிலும் ஒற்றைக் கொம்பு வந்துவிடுகிறது. கொடுவாயையும் கோலாவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் குறிலும் நெடிலும் கண்ணுக்கே தெரியும். பாறையில் ஐகாரம், சுறாவிலும் இறாலிலும் வல்லின ற, நண்டில் ண, கிழங்கானில் ழ. தமிழ் எழுத்தில் அவன் தடுக்கி விழும் இடங்களில் பெரும்பாலானவை இந்தப் பத்துப் பன்னிரண்டு பெயருக்குள் இருக்கின்றன. அதுவும் ஆசிரியரைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். எந்த மீன் எந்த மாதம் படும் என்று அண்ணனுக்கு இவன் சொல்லிக்கொடுப்பான். கற்றுக்கொடுப்பவனாகவும் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் அடுத்த நாள் வருவான்.

அடுத்த படி, அவன் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவது. ‘நேத்து ரெண்டு போட்டுக்கு ஐஸ் ஏத்தினோம், முதலாளி காசு குறைச்சுக் குடுத்தாரு’ என்று அவன் சொன்னால் அப்படியே, பேச்சுத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கட்டும். திருத்த வேண்டாம். தான் சொன்ன வரி என்பதால் அடுத்த சொல் என்ன என்று அவனுக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில் கண் எழுத்தின்மேல் ஓடும். அதே சொற்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கச் சொல்லலாம். ஒரு மாதம் போனதும் அவனே இரண்டு வரி எழுதுவான். எழுத்துப்பிழை இருக்கும், இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம், நெய்வேலி என்று நிற்கும் பஸ்களின் போர்டு, மழைக்கால எச்சரிக்கைச் செய்தி, பேப்பரில் விளையாட்டுப் பக்கம் என்று அங்கிருந்து விரிந்துகொண்டே போகலாம். புத்தகத்துக்கு வர அவசரமில்லை.

கணக்கில் அவனைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025-ல் வெளியானது. பல பொருள்களின் விலையை மனதிலேயே பெருக்கிக் கூட்டி மீதிச் சில்லறை கொடுக்கிற அந்தப் பிள்ளைகளால், அதைவிட எளிய கணக்கைப் பள்ளித் தாளில் போட முடியவில்லை. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். உங்கள் தம்பிக்கும் ஐஸ் கணக்கும் கூலிக் கணக்கும் மனதில் ஓடும். அந்த மனக்கணக்கையே தாளில் வரிவரியாக எழுதவைப்பதுதான் அண்ணன் செய்யவேண்டியது. வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கினால் மறுபடி பள்ளி ஞாபகம் வந்துவிடும்.

இனி வேலை விஷயம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசப்போவதில்லை. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வேலைக்கு வைப்பவர், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக்கூடாது என்பது குழந்தைத் தொழிலாளர் சட்டம். ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்று மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேரம் இடைவேளை தரவேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அப்படிப் பார்த்தால் விடிகாலை மூன்று மணிக்கு ஐஸ் ஏற்றுவது கூடவே கூடாத வேலை. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் வளரும் முதுகெலும்பு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்த பிள்ளை சாயந்திரம் படிக்க உட்கார்ந்தால் கண் சொருகும். கையில் தினம் காசு புழங்கும்போது உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலமும் மற்றவையும் எவ்வளவு சுலபமாக வந்து சேரும் என்று துறைமுகப் பக்கம் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அந்த முந்நூறு ரூபாய் உங்கள் வீட்டில் அரிசியாக மாறுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ‘விடு’ என்று அம்மா சொல்வதில் மகனைப் பற்றிய இரக்கமும் இருக்கிறது, வீட்டுக் கணக்கும் இருக்கிறது. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு கேட்டு மனு கொடுங்கள். கணவனை இழந்த தாயின் பிள்ளை என்பதால் அவன் அதற்குத் தகுதியானவன். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழு விசாரித்து ஒப்புதல் தரும், உடனே கைக்கு வராது. இந்தப் பணத்துக்குப் பிள்ளை பள்ளியில் படிப்பது நிபந்தனை. டிசி வாங்க வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை அவன் அந்தப் பள்ளியின் பிள்ளை. சத்துணவு, பஸ் பாஸ், கண் பரிசோதனை எல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டியவை. இந்தக் கல்வியாண்டில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராத பிள்ளைகளுக்கென்றே ‘திறன்’ என்ற பயிற்சியை அரசுப் பள்ளிகளில் நடத்துகிறார்கள், தமிழ், ஆங்கிலம், கணக்குக்குத் தனிப் பயிற்சிப் புத்தகத்தோடு. வகுப்பாசிரியரைப் பார்த்து, என் தம்பி அந்தக் குழுவில் இருந்தானா என்று பணிவாகக் கேளுங்கள். ‘டிசி வாங்கிக்கோங்க’ என்று மறுபடி சொன்னால், நாங்கள் கேட்கவில்லை, அவன் வருவான் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறையும் என்ற பயம் அவர்களுக்கு மேலிருந்து வருகிறது, அந்தப் பயத்தைச் சுமக்கவேண்டியவன் உங்கள் தம்பி அல்ல. மீறி வற்புறுத்தினால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லலாம், மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். துறைமுகத்தில் அவனை விடமறுத்தாலோ, கடலுக்கு அனுப்பப் பார்த்தாலோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் வேலை தானாகவே குறையும், பள்ளிக்கும் பெரும்பாலான நாள் கோடை விடுமுறை. படிக்கப் போகவில்லையா என்று அவனை யாரும் கேட்கப்போவதில்லை. வாசிப்புக்கு அந்த இரண்டு மாதத்தைவிட நல்ல காலம் உங்கள் ஊரில் கிடையாது. இப்போதிலிருந்து ஏப்ரல் வரை அண்ணனோடு பழகட்டும், வாரம் மூன்று நாள் போதும். தடைக்காலத்தில் தினமும் உட்காரட்டும். ஜூனில் அந்த நான்கு தாள்களை வைத்து மறுபடி பாருங்கள், அதை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான்கு வரியைத் தடையில்லாமல் வாசிக்கிறான் என்றால் என் விருப்பம் பள்ளிதான். ஒன்பதாம் வகுப்பிலேயே மறுபடி உட்கார நேர்ந்தாலும் பரவாயில்லை. அதே பள்ளிக்குப் போக வெட்கப்பட்டால், அப்போது வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றுவதற்காக டிசி வாங்கலாம். கையில் சேரப்போகும் பள்ளி இருக்கும்போது வாங்கும் டிசி வேறு, வெறுங்கையோடு வாங்கும் டிசி வேறு.

பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று உறுதியாக நின்றால் தொழிற்படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்கிற பிரிவுகள் ஐடிஐயில் உண்டு: வெல்டர், வயர்மேன், பிளம்பர் போன்றவை. வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டு ஆண்டு. அரசு ஐடிஐயில் கட்டணமில்லாமல் பயிற்சி, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற ஆண்பிள்ளைகளுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. கடலூரிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. எட்டாவது முடித்து இரண்டு ஆண்டு ஐடிஐ தேறியவர்கள், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதிப் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று வாங்கலாம். அவனை வயர்மேனுக்குச் சேர்ப்பது நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான். ஆனால் அங்கேயும் தியரிப் புத்தகம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது. வாசிப்பு வராமல் போய்ச் சேர்ந்தால் இரண்டே மாதத்தில் திரும்பி வருவான்.

பத்தாம் வகுப்பை வெளியிலிருந்து எழுதுவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தனித்தேர்வர். பதினான்கரை வயது நிரம்பியிருந்தால் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து 80 சதவீதம் வருகை வைத்திருக்கவேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஐந்து பாடத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டிய சுமை வேறு. இன்னொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்ஐஓஎஸ் என்பார்கள். மத்திய அரசுடையது, 1989-லிருந்து இயங்குகிறது. 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்பில் சேரலாம், தமிழிலேயே எழுதலாம். ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் முடிக்கவேண்டியதில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. இந்த முறை ஒரு பாடம், அடுத்த முறை இரண்டு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டே போகலாம். வாசிப்பு இப்போதுதான் ஊறிவரும் பிள்ளைக்கு இது தோதானது. பாடங்களில் தமிழ் கட்டாயம் இருக்கட்டும். அவன் கடலைவிட்டுப் போக விரும்பவில்லை என்றால் கணக்கும் அறிவியலும் எடுக்கட்டும். சென்னையில் சிஃப்நெட் என்ற மத்திய அரசு நிறுவனம் படகு செலுத்தவும் கப்பல் எந்திரம் பராமரிக்கவும் இரண்டு ஆண்டுப் பயிற்சி தருகிறது, அதற்குப் பத்தாம் வகுப்பில் அந்த இரண்டு பாடத்திலும் மதிப்பெண் பார்ப்பார்கள். ஐஸ் தூக்குவதைத் தாண்டிக் கடலில் வேறு வேலைகளும் இருக்கின்றன என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

டுடோரியல் பற்றி. நேர்மையாகப் பாடம் நடத்துகிற டுடோரியல்கள் இருக்கின்றன. ஆனால் ‘பணம் கட்டு, பாஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் இடத்தில் நடப்பது இரண்டில் ஒன்று: அங்கீகாரமே இல்லாத ஏதோ ஒரு போர்டின் பெயரில் சான்றிதழ் அச்சடித்துத் தருவார்கள், அல்லது அவனுக்குப் பதில் வேறு ஆள் எழுதுவான். வேலைக்குச் சேரும்போது சான்றிதழின் உண்மைத்தன்மை சரிபார்க்கப் போகும், அன்று வழக்கில் முதலில் மாட்டுவது உங்கள் தம்பியாகத்தான் இருக்கும். என்ஐஓஎஸ்ஸில் சேருவதானால் அவர்களுடைய சொந்த இணையதளத்திலோ, அதில் பட்டியலிட்டிருக்கும் படிப்பு மையத்திலோ மட்டும் சேருங்கள்.

தம்பியிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் மேலே எழுதிய எதுவும் நடக்காது. படிப்பைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அக்கா தம்பியிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தோன்றலாம், கேளுங்கள். அப்பா இல்லாத வீட்டில் அவன் ஆம்பிளையாக நின்று காசு கொண்டுவந்ததற்கு ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அதற்குப் பின் ஒரு நாள், ‘உனக்கு வாசிக்க வராததற்கு நீ காரணமில்லை, நீ மூணாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் மூடிட்டாங்க’ என்று சொல்லுங்கள். அவன் இதுவரை தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பான். அதை முதலில் கலைக்கவேண்டும். பதில் சொல்லாமல் எழுந்து போகலாம், போகட்டும். இரவெல்லாம் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் சேராமல் இருக்கிறான் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள், மனநல உதவிக்கான 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அப்பாவின் சாவைப் பற்றி அவன் யாரிடமாவது பேசியிருக்கிறானா என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அம்மாவுக்கு ஒன்று. ‘வராத படிப்பு’ என்று அவன் காதுபடச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீன் விற்ற கணக்கை இனி அவனைவிட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லட்டும், மீன் பெயர், எடை, விலை. தப்பாக எழுதினால் சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் இரண்டு இடத்துக்குப் போய்வாருங்கள்: பள்ளியில் வகுப்பாசிரியரைப் பார்க்க, பிறகு குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. அப்பாவின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, வருமானச் சான்று, அம்மாவின் வங்கிப் புத்தகம், தம்பியின் ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளியில் படிப்பதற்கான சான்றும் கேட்பார்கள், அதை வகுப்பாசிரியரிடம் அன்றே வாங்கிவிடுங்கள். தம்பி நான்கு தாள்களில் எந்தத் தாளில் நின்றான், எந்த எழுத்துகளில் தடுக்கினான் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்று அவனுக்கு வாய்க்கும் அண்ணனுக்குத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.